அமரருக்கு வாய்த்த மாப்பிள்ளை

அவருக்கு அமரர் என்று பெயர் வைத்தவர்கள் மருத்துவ மாணவர்கள். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. பயிற்சிக் கூடத்தில் வாசல் காவலாளி முதல் பேராசிரியை வரை எல்லோரும், "அமரர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். "வந்தாச்சு, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் படியேறுவார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். அப்புறம் பழகிவிடும்.

அவருடைய உத்தியோகம் சாவது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. மாணவர்கள் கெட்டிக்காரர்களாக வாய்த்துவிட்டால் ஒரு தடவைகூடச் சாகாமல் வீடு திரும்பிய நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் அவருக்கு நன்றாகப் பசிக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி வெளுக்கும் இடத்துக்கு மேலே இருந்தது அந்தப் பயிற்சிக் கூடம். நிஜ அவசரப் பிரிவில் என்னென்ன உண்டோ அத்தனையும் அங்கேயும் உண்டு: சக்கரக் கட்டில், ஆக்சிஜன் குழாய், நாடித்துடிப்பைக் காட்டும் திரை, எப்போதும் ஒரு கால் ஆடும் மருந்துத் தள்ளுவண்டி. ஒரு சுவர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் பேராசிரியை உட்கார்ந்துகொண்டு, திரையில் அமரரின் துடிப்பை ஏற்றுவார், இறக்குவார். அமரர் உதட்டில் நீலச் சாயம் பூசிக்கொண்டு, நெற்றியில் கிளிசரின் தடவிய வியர்வையோடு, மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருப்பார். மாணவர்கள் ஓடிவந்து காப்பாற்ற வேண்டும். தவறான மருந்தைத் தொட்டாலோ, சரியான மருந்தைத் தொடாமலே நின்றாலோ, திரையில் கோடு படுத்துவிடும். நெஞ்சை அழுத்தும் கட்டம் வந்தால் அமரர் சத்தமில்லாமல் கட்டிலிலிருந்து இறங்கிவிடுவார். அவர் இடத்தில் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைப்பார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் பங்காளி. "வலியெல்லாம் நான் பட்டுடறேன். அடியெல்லாம் பங்காளி வாங்கிக்கறான்" என்று சொல்லிக்கொண்டு, மூலையில் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்தபடி, தன் நெஞ்சில் மாணவர்கள் ஏறி மிதிப்பதை வேடிக்கை பார்ப்பார்.

இந்த உத்தியோகம் அவரைத் தேடி வந்த விதம் தனி. அதற்கு முன்னால் அவர் செருப்புக் கடையில் விற்பனையாளர். கடையில் முதலாளி சொல்லிக்கொடுத்த வேதம் ஒன்றே ஒன்று: வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்லாதே. "கறுப்புல இருக்கா?" "இருக்குங்க." "கொஞ்சம் கடிக்குமோ?" "போகப் போகச் சரியாயிடுங்க." இப்படியே ஊரார் காலடியில் குத்தவைத்து ஒரு ஆயுளைக் கழித்தார். கடையை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் மச்சான் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொள்ள, துணைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எக்ஸ்ரே அறை வாசலில் கூட்டம். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாமென்று போனவர், ஆளில்லாத அறையில் சுத்தமான கட்டில் ஒன்றைப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்தார்.

அடுத்த நிமிடம் வெள்ளைக் கோட்டு அணிந்த ஐந்தாறு பேர் தடதடவென்று உள்ளே வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், நெஞ்சு வலிக்குதா?"

பழக்கதோஷம். "வலிக்குதுங்க" என்றார்.

"இடது கைக்குப் பரவுதா?"

"பரவுதுங்க."

"மூச்சு முட்டுதா?"

"முட்டுதுங்க. போகப் போகச் சரியாயிடும்ங்களா?"

ஒருவன் கையில் ஊசி ஏற்றுவதாகப் பாவனை செய்தான். ஒருத்தி முகமூடியை வைத்து அழுத்தினாள். 'சரி, இவ்வளவு பிரியமாகச் செய்கிறார்கள், நடுவில் எழுந்தால் மனசு கஷ்டப்படுவார்கள்' என்று அவரும் ஒத்துழைத்தார். எல்லாம் முடியும் நேரத்தில் நிஜ நடிகர், பஸ் தாமதமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேராசிரியை வெளியே வந்தார். அமரரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எந்த நாடகக் குழு?"

"செருப்புக் கடைங்க."

"இவ்வளவு இயல்பா யாரும் வலிச்சு நான் பார்த்ததில்ல. நாளையிலேருந்து வர முடியுமா?"

முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. அதனால் வேலைக்குச் சேர்ந்தார். மச்சானை எக்ஸ்ரே அறை வாசலில் மறந்துவிட்டு வந்ததற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

மனைவிக்கு இந்த வேலை அடியோடு பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில இருக்கார்" என்பாள். "அடடா, என்ன உடம்புக்கு?" என்பார்கள். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கார், போய்ச் செத்துட்டு வர்றார்" என்று பொறுமையிழந்து ஒரு நாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாடிவீட்டு அம்மா அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அமரர் சாவதில் ஒரு நியாயம் வைத்திருந்தார். நன்றாகப் படித்த மாணவன், படிக்காத மாணவன் என்று அவருக்குப் பேதமில்லை. யார் கையிலும் ஒரே மாதிரி திணறுவார், ஒரே மாதிரி கண்ணை மேலே சொருகுவார். யாரையும் தனியாக நினைவில் வைத்துக்கொண்டதும் கிடையாது. ஒரே ஒரு ஆளைத் தவிர.

அந்த ஆள் பட்டம் வாங்கிவிட்டு அவசர மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்க வந்த இளம் டாக்டர். கூடத்தில் அவனுக்கு 'மன்னிப்பு' என்று பெயர். காரணம், 'மன்னிச்சுக்கோங்க' என்று சொல்லாமல் அவனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்க முடியாது. ஊசியைக் குத்துவதற்கு முன்னால் பொம்மையிடம்கூட மன்னிப்புக் கேட்பான். கதவருகே யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவான். எல்லோரும் போன பிறகு, கதவு மூடிய பிறகு, தட்டிவிட்டு வருவான். அப்படி ஒரு தங்கமான பிள்ளை. அந்தத் தங்கமான பிள்ளை கையில்தான் அமரர் அடுத்தடுத்துச் செத்தார்.

முதல் தடவை தேனீ கொட்டிய கேஸ். முகம் வீங்கி, தொண்டை அடைத்து, அமரர் காற்றுக்குத் தவிக்கிறார். செய்ய வேண்டியது, தொடையில் உடனே ஒரு ஊசி. மற்றதெல்லாம் அப்புறம். மன்னிப்பு கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மன்னிச்சுக்கோங்க சார், தொந்தரவு பண்றேன். குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா உண்டா?" அமரர் கையால் தொண்டையைக் காட்டினார். "புரியுது சார், பேசறது கஷ்டமா இருக்கு. அவசரமே இல்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க." அவருடைய சித்தப்பா வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தபோது கோடு படுத்தது.

இரண்டாவது தடவை சர்க்கரை இறங்கி மயங்கிய கேஸ். அமரர் கண்ணை மூடிக் கிடந்தார். உள்ளே வந்த மன்னிப்பு அவரைப் பார்த்தான். விளக்கைக் குறைத்தான். போர்வையை இழுத்துவிட்டான். நுனிக்காலில் வெளியே போய்விட்டான்.

"தூங்கறவரை எழுப்பறது பாவம்னு நெனைச்சேன் மேடம்" என்று அவன் சொன்னபோது, பேராசிரியை கொஞ்ச நேரம் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது தடவை இதயம் நின்றுபோன கேஸ். கட்டிலில் பங்காளி; அமரர் தேநீரும் கையுமாக மூலையில். மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்னால், கட்டிலைத் தொட்டுக்கொண்டு நிற்பவர்கள் எல்லோரையும் "விலகுங்க!" என்று ஒரே அதட்டலில் விலக்க வேண்டும். மன்னிப்பு இயந்திரத்தின் கைப்பிடிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டான். "சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க, அரை அடி தள்ளி நிக்க முடியுமா? ரொம்ப நன்றி. டாக்டர், உங்களைத்தான்... இல்லயில்ல, நீங்க முடிச்சுட்டே வாங்க." கடைசி ஆள் விலகியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பையனா இவன்? சாவுக்கே 'முதல்ல நீங்க போங்க'ன்னு வழிவிடறான்" என்று அன்றைக்கு அமரர் வீட்டில் வந்து புலம்பினார். பெயரைச் சொல்லாமல்தான் புலம்பினார். மனைவியும் காதில் வாங்காமல்தான் கேட்டாள்.

இந்த இடத்தில் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். இரண்டு பிரேக் வைத்த வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்! பிரேக் சொன்னேன்! அது ஹார்ன்!" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பழகியவள். வீட்டில் அவள் உப்பைக் கேட்டால்கூட மேசையில் இருப்பவர்கள் காலை அழுத்துவார்கள். 'இவளுக்கு எவன் வாய்க்கப் போகிறானோ' என்பது அம்மாவின் நிரந்தரக் கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே ஒருவனை அழைத்து வந்தாள்.

"அப்பா, இவர் டாக்டர். என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டார். லைசென்ஸ் டெஸ்ட்ல ஃபெயில். நாற்சந்தியில எல்லா வண்டிக்கும் வழி விட்டுட்டு நின்னவர், டெஸ்ட் எடுக்கறவர் இறங்கிப் போனப்புறமும் நின்னுட்டிருந்தார். அப்பவே எனக்குப் பிடிச்சுப் போச்சு. கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

கதவைத் திறந்த அமரர் திறந்தபடியே நின்றார். வாசலில் நின்றவனும் பேயடித்த மாதிரி நின்றான்.

"சார்... நீங்க..."

"உயிரோடதான் இருக்கேன். உள்ளே வாங்க."

"மன்னிச்சுக்கோங்க சார். நீங்க முதல்ல போங்க."

"இது என் வீடு. நான் உள்ளேதான் இருக்கேன்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு இவரை முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்ன? என்னை மூணு தடவை கொன்னிருக்கார்."

"ரெண்டு தடவைதான் சார்" என்றான் அவன் பணிவாக. "மூணாவது பொம்மை."

பிஸ்கட் தட்டு நடுவில் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவன் எல்லோரும் எடுத்த பிறகு எடுக்கலாமென்று காத்திருந்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலியைக் கொடுக்கிறான். குடித்த கோப்பையைக் கழுவி வைக்கிறான். மகள் நடுவில் வெட்டிப் பேசினால் புன்னகையோடு கேட்கிறான். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா மனதுக்குள் கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டாள்.

அவன் போனதும் சண்டை ஆரம்பித்தது.

"முடியாது" என்றார் அமரர். வாழ்க்கையில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி வீட்டில் யாரும் கேட்டதில்லை. "ஒரு தேனீகிட்டேருந்து என்னைக் காப்பாத்தத் தெரியாதவன். இவளை எப்படிக் காப்பாத்துவான்?"

"இவளைக் காப்பாத்த யாரும் வேண்டாம். இவகிட்டேருந்து மத்தவங்களைக் காப்பாத்தத்தான் ஆள் வேணும்" என்றாள் மனைவி. "ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. அந்தப் பிள்ளை இன்னும் ஒருத்தரைத்தான் கொன்னிருக்கு."

"அந்த ஒருத்தர் நான்டி!"

"அதான் பத்திரமா இருக்கீங்களே. நல்லாச் சாப்பிடறீங்க, குறட்டை விடறீங்க."

மகள் நடுவில் கையைத் தூக்கினாள். "அப்பா, அடுத்த வாரம் அவருக்குப் பருவத் தேர்வு. அதுல உங்களை அவர் பிழைக்க வெச்சுட்டா சம்மதமா?"

அமரர் யோசித்தார். தேர்வில் நோயாளி அவர்தான். இதைவிட நேரான வழி வேறு தோன்றவில்லை. "பிழைச்சா சம்மதம்" என்றார்.

"நீங்க வேணும்னே செத்துடுவீங்க" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. "என் தொழில்ல ஓரவஞ்சனை கிடையாது. சாவறதும் பிழைக்கறதும் என் கையிலயும் இல்ல. கண்ணாடிக்குப் பின்னாடி மேடம் கையில ஒரு பொத்தான் இருக்கு."

"அதையும் நான் வந்து பார்க்கறேன்."

அந்த வாரம் முழுக்க மகள் அவனைப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனாள். வண்டி ஓட்ட அல்ல, அதட்ட. ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக நிறுத்தி, "அதுங்களைப் பார்த்து 'விலகு'ன்னு சொல்லுங்க" என்றாள். அவன், "கொஞ்சம் விலக முடியுமா?" என்றான். "அது கூம்பு. அதுக்கு மரியாதை வேண்டாம்." "பழக்கமில்லாதவங்களை எப்படி ஒருமையில..." என்று இழுத்தான். நான்காவது நாள் ஒரு கூம்பைப் பார்த்து "நகரு!" என்று கத்தினான். பின்னால் வந்துகொண்டிருந்த பள்ளியின் உரிமையாளர் நகர்ந்தார். அவன் ஓடிப்போய் அவரிடம் கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்டான்.

தேர்வு நாளன்று அமரர் பேராசிரியையிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். மடியில் கனத்தோடு சாவது அவருக்குச் சரியாகப் படவில்லை. பேராசிரியை சிரிக்கவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மதிப்பெண் போடப் போறது வெளியூர்லேருந்து வந்த டாக்டர். உங்க சம்பந்தம் அவருக்குத் தெரியாது. உங்க வேலையை நீங்க பாருங்க" என்றார். அப்போதுதான் வாசலில் அமரரின் மனைவி கைப்பையோடு வந்து நின்றாள்.

அன்றைய கேஸில் நோயாளியோடு ஒரு உறவுக்காரரும் வர வேண்டும். பதறி அழும் உறவினரைச் சமாளித்துக்கொண்டே சிகிச்சை செய்கிறானா என்று பார்ப்பது பாடத்தில் ஒரு பகுதி. அதற்கு வழக்கமாக வரும் நடிகைக்கு நிஜமாகவே காய்ச்சல். பேராசிரியை அந்த அம்மாளை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்களுக்கு அழ வருமா?"

"இவரைக் கட்டிக்கிட்டவளைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது?"

அவ்வளவுதான், அவள் சேர்ந்துவிட்டாள். நோயாளி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர், பக்கத்தில் நின்று அழ வேண்டும் என்பது மட்டும் அவளிடம் சொல்லப்பட்டது. முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஆழமான காயம் ஒன்று ஒட்டப்பட்டிருப்பதும், சட்டையை வெட்டிப் புரட்டிப் பார்த்தால்தான் அது தெரியும் என்பதும், பார்க்காவிட்டால் ரத்தம் வடிந்தே ஆள் போய்விடுவார் என்பதும் அவளுக்குத் தெரியாது. வெட்டுவதற்கென்று கூடத்தில் வைத்திருக்கும் பழைய சட்டைகள் காலையிலேயே தீர்ந்துவிட்டன. அமரர் தன்னுடைய சொந்தச் சட்டையோடுதான் படுத்திருந்தார்.

மன்னிப்பு உள்ளே வந்தான். அமரரைப் பார்த்தான். பக்கத்தில் நிற்கும் வருங்கால மாமியாரைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"மன்னி..." என்று ஆரம்பித்து, உதட்டைக் கடித்துக்கொண்டான். "மூச்சு வருது. ஆக்சிஜன் வைங்க. ரெண்டு கையிலயும் ஊசி ஏத்துங்க."

கண்ணை மூடியிருந்த அமரருக்கு ஆச்சரியம். குரல் கொஞ்சம் நடுங்கினாலும் சொன்னது சொன்னபடி வந்தது. ஆனால் அதே சமயம் மனைவி அழ ஆரம்பித்தாள். முதலில் ஒப்புக்குத்தான் அழுதாள். கட்டிலில் கிடந்தவரின் நீல உதட்டையும் வெளுத்த முகத்தையும் கிட்டத்தில் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ ஆகிவிட்டது. இத்தனை நாள் இவர் போய்ச் செத்துவிட்டு வருவதைக் காதால் கேட்டாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

"என்னங்க! கண்ணைத் திறங்க! கேஸ் அடுப்புக்கு ரெகுலேட்டர் மாத்தணும்னு சொன்னேனே, அதைக்கூடச் செய்யாம இப்படிக் கிடக்கறீங்களே! என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க! உங்களை நான் ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்லையே! சட்டை பீரோல எங்கே இருக்குன்னுகூட உங்களுக்குத் தெரியாதே, அங்கே போய் என்ன பண்ணுவீங்க!"

அமரருக்குக் கண் திறந்துவிடும் போலிருந்தது. தொழில் தர்மம் கருதி இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். அவருடைய கன்னத்தில் வழிந்தது கிளிசரின் இல்லை என்பது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

திரையில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. மன்னிப்பு வயிற்றைத் தொட்டுப் பார்த்தான், காலைப் பார்த்தான். எங்கேயும் காயமில்லை. "சட்டையை வெட்டணும். கத்தரிக்கோல்!" என்றான். கத்தரிக்கோல் கழுத்தருகே வந்ததும், அழுதுகொண்டிருந்த அம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயையோ, அது நல்ல சட்டை! வெட்டாதீங்க! நான் கழட்டித் தரேன்!"

"அம்மா, நேரமில்ல..."

"ரெண்டே நிமிஷம்! பட்டன் எல்லாம் சரியா இருக்கு!" இரண்டு கையாலும் சட்டையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். திரை கீச்சிட ஆரம்பித்தது. மன்னிப்பு ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிஸ்கட் தட்டு, நாற்காலி, கழுவிய கோப்பை எல்லாம் அவன் கண்முன்னால் வந்து போயிருக்க வேண்டும். பிறகு அவன் வாயிலிருந்து அந்தக் கட்டடம் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"கையை எடுங்க! வெளியே போங்க! சிஸ்டர், இவங்களை வெளியே கூட்டிட்டுப் போங்க! மத்தவங்க ஆளுக்கொரு பக்கம் பிடிங்க, திருப்பணும்!"

கீழே துணி வெளுக்கும் இடத்தில் ஒரு வாளி விழுந்த சத்தம் கேட்டது. சிஸ்டர் அம்மாளைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டு போனாள். சட்டை கழுத்திலிருந்து இடுப்பு வரை இரண்டாகப் பிளந்தது. அமரரை ஒருக்களித்தார்கள். "இதோ, முதுகுல!" காயத்தில் அழுத்திக் கட்டுப் போட்டான், ரத்தம் கொண்டுவரச் சொன்னான், அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஆள் அனுப்பினான். ஒரு வார்த்தைக்கும் முன்னால் மன்னிப்பு இல்லை. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின.

அமரர் பிழைத்தார்.

மணி அடித்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கிழிந்த சட்டையோடு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் மாப்பிள்ளை! என்ன ஒரு அதட்டல்! என் முதலாளிகூட இப்படி அதட்டினதில்ல!" வெளியூர் டாக்டர் கண்ணாடிக்குப் பின்னால், "நோயாளி ஏன் மாணவரை மாப்பிள்ளைங்கறார்?" என்று கேட்டார். "மயக்கம் தெளியறப்ப அப்படித்தான் பேசுவாங்க" என்றார் பேராசிரியை.

தலைவலி தீர்ந்தது என்று நினைத்து அமரர் வெளியே வந்தார். பெஞ்சில் மனைவி சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கல்யாணம் நடக்காது" என்றாள்.

"ஏன்?"

"என்னைப் பார்த்து வெளியே போன்னு சொன்னவனுக்கா என் பொண்ணு? கழுத்துல கத்தரிக்கோலை வெச்சுக்கிட்டு! நானும் எவ்வளவு பணிவான பிள்ளைன்னு நெனைச்சேன்!"

"பணிவா இருந்திருந்தா நான் போயிருப்பேனே!"

"போனா என்ன? பொம்மை இருக்கில்ல?"

இப்படியாகக் கட்சி மாறியது. வீட்டில் இப்போது அமரர் மாப்பிள்ளை பக்கம், மனைவி எதிர்ப்பக்கம். வாதங்களும் இடம் மாறிக்கொண்டன. "தைரியசாலி" என்பார் இவர். "ரௌடி" என்பாள் அவள். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் கட்டிக்கப் போறது ஒரே ஆளைத்தானே?" என்று கேட்டாள்.

கடைசியில் அவனே வந்தான். மன்னிப்புக் கேட்டால் போதும், விஷயம் முடிந்துவிடும் என்று அமரர் வாசலிலேயே அவன் காதில் ஓதி அனுப்பினார். அதில் அவனை மிஞ்ச ஆள் ஏது? அவன் அம்மாள் எதிரில் போய் நின்றான். வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"அம்மா, மத்த எதுக்கு வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கறேன். முதல் தடவை வீட்டுக்கு வந்தப்ப சோபாவுல நீங்க உக்கார்ற பக்கமா உக்காந்துட்டேன், அதுக்குக் கேக்கறேன். ஆனா அன்னிக்கு வெளியே போகச் சொன்னதுக்குக் கேக்க முடியாது. நாளைக்கு நிஜமாவே யாராவது அப்படிக் கிடந்தா, அவங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க நின்னா, மறுபடியும் அப்படித்தான் சொல்லுவேன்."

அமரர் கையைப் பிசைந்தார். மகள் இல்லாத பிரேக்கை அழுத்தினாள்.

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அது இருக்கட்டும். நான் அழுதது எப்படி இருந்தது?"

"நிஜமாவே பயந்துட்டேன் அம்மா. திரையைப் பார்த்தில்ல, உங்களைப் பார்த்து."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. "வெளியே தள்ளினப்ப இன்னும் பாதி பாக்கி இருந்தது. அதுக்குத்தான் கோபம்" என்றாள்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை முதலில் மகளைப் போடச் சொன்னான், மகள், "ஆரம்பிங்க!" என்று அதட்டியதும் போட்டான். அவசரப் பிரிவில் அவன் குரல் மாடி வரை கேட்கும் என்று சொல்கிறார்கள். வெளியே வந்தால் பழையபடி கதவுக்கெல்லாம் வழிவிடுகிறான்.

காய்ச்சல்கார நடிகை திரும்பி வரவில்லை. பேராசிரியை அமரரின் மனைவிக்குச் சொல்லி அனுப்பினார். இப்போது காலையில் கணவனும் மனைவியும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். அவர் சாகிறார், அவள் அழுகிறாள். அவள் அழுகையைத் தாங்கமுடியாமல் முதலாமாண்டு மாணவி ஒருத்தி நோயாளியை விட்டுவிட்டு அவளுக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டாள். அன்றைக்கு அமரரின் மனைவி வீட்டுக்கு நடந்து வந்த நடையே தனி. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் மனஸ்தாபம் வரத்தான் செய்யும். ஒரு சாயங்காலம் நெரிசலான பஸ்ஸில், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்:

"நாளைக்காவது சாகறப்ப கொஞ்சம் நிதானமாச் சாவுங்க. நான் அழ ஆரம்பிக்கறதுக்குள்ள பொட்டுன்னு போயிடறீங்க."

"நான் என்ன பண்ணட்டும்? பசங்க அவ்வளவு மோசம்."

"போன வாரம் பாதியில பிழைச்சுட்டீங்க. எனக்கு எவ்வளவு அவமானமாப் போச்சு தெரியுமா?"

"சரி சரி. அடுத்த தடவை பார்த்துப் போறேன்."

முன் இருக்கையில் இருந்தவர் மெதுவாகத் திரும்பி இருவரையும் பார்த்தார். தன் நிறுத்தம் இன்னும் வரவில்லை என்றாலும் எழுந்து, "உக்காருங்க, உக்காருங்க" என்று இரண்டு பேருக்கும் இடம் கொடுத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.